நடப்பவர்களைத் தாளில் ஏற்றுங்கள்: டர்பனில் உங்கள் தெருவைப் பாதுகாப்பாக்க ஒரு வழிகாட்டி

எங்கள் தெருமுனைக்கு ஒரு ஸ்பீடு ஹம்ப், அதாவது வேகத்தடை, கேட்டு நாலு பேர் முதல்முறை ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அந்த இடத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள்? எங்களிடம் பதில் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு பஸ் பிடிக்க ஓடும் அக்காக்கள், முதுகில் பையோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு மேடேறி வரும் ஜூலு பெண்கள், வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகும் தாத்தா பாட்டிகள் எல்லாரையும் எங்களுக்குத் தெரியும், பாதிப்பேரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவோம், ஆனால் ஒரு தாளில்கூட அவர்கள் இல்லை. வெறும் கையோடு திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள், பொறியியல் படித்தவள் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை. நீங்கள் டர்பனில் நம் ஆட்கள் வாழும் மற்றப் பகுதிகளான ஃபீனிக்ஸில் இருந்தாலும் ஐசிபிங்கோவில் இருந்தாலும் மெரீபேங்கில் இருந்தாலும் படிகள் ஏறக்குறைய இவைதான்.

தென்னாப்பிரிக்கச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 12,000 பேர் சாகிறார்கள். அதில் பத்துக்கு நாலு பேர் நடந்து போனவர்கள். கார் ஓட்டாதவர்கள், பலர் கார் வாங்கவே முடியாதவர்கள். நம் ஊர்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, நகரத்துக்குள் வேலைக்கு நடந்தே போய்வந்த குடும்பங்களை 1960-களில் பெயர்த்துக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் வைத்தார்கள். மேகசீன் பாரக்ஸில் இருந்த முனிசிபாலிட்டித் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், அப்படி வந்தவர்கள்தான். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், நடுவில் ஹைவே. நடப்பவரை யோசித்துப் போட்ட ஊர் இது இல்லை என்பதால், அதற்குப் பிறகு நடப்பவருக்கு என்று கிடைத்தது எல்லாம் யாராவது கேட்டுக் கிடைத்ததுதான்.

ஒரே ஒரு இடம் எடுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு, நாங்களும் செய்தது, ஊர் முழுக்க உள்ள குறையை ஒரே கடிதத்தில் எழுதுவது. பதினெட்டு தெரு, முப்பது பள்ளம், எரியாத விளக்குகள், குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள். அப்படி ஒரு கடிதத்தை யார் கையில் எடுத்தாலும் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு இடம் எடுங்கள். பள்ளி வாசல், பஸ் நிற்கிற இடம், கிளினிக்குக்கு எதிர்ப்புறம், கோவிலுக்குத் திரும்புகிற வளைவு, இப்படி ஒரு ஐம்பது, நூறு மீட்டர் நீளம் போதும்.

எந்த இடம் என்று முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேர் சேர்ந்து நடந்து பாருங்கள். அதில் ஒருவர் எழுபது வயதுக்காரராக இருக்க வேண்டும், ஒருவர் குழந்தை வண்டி தள்ள வேண்டும், முடிந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவர் வர வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா கைத்தடியோடு வந்தார், நான் பத்து வருடமாகத் தாண்டிப்போன ஒரு வடிகால் மூடி அவருக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எந்த இடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குழந்தையின் கையைப் பிடிக்கிறீர்களோ அதுதான் உங்கள் இடம்.

அந்தச் சாலை யாருடையது

இதைக் கேட்காமல் ஆறு மாதம் வீணாக்கியவர்கள் நிறையப் பேர். இங்கே சாலைகள் மூன்று கையில் இருக்கின்றன. வீட்டுத் தெருக்களும் ஊருக்குள் உள்ள பெரும்பாலான சாலைகளும் டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி முனிசிபாலிட்டிக்கு உரியவை. சில பெரிய சாலைகள் குவாசூலு-நட்டால் மாகாணப் போக்குவரத்துத் துறையிடம். என்2, என்3 மாதிரி தேசிய நெடுஞ்சாலைகள் சான்ரால் நிறுவனத்திடம். பலகையில் எம் என்று தொடங்கும் எண் இருந்தால் முனிசிபாலிட்டிதான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், உங்கள் வார்டு கவுன்சிலர் அலுவலகத்தில் ஒரு வரி எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

முனிசிபாலிட்டிச் சாலை என்றால் ரோபோட் என்று இங்கே சொல்கிற சிக்னல் விளக்கு, கோடுகள், வேகத்தடை இவற்றைப் பார்ப்பது ஈதெக்வினி டிரான்ஸ்போர்ட் அதாரிட்டி. ஓட்டுநர்களைப் பிடிப்பது மெட்ரோ போலீஸ். தெருவிளக்கு மின்சாரப் பிரிவு. ஒரே இடத்துக்கு மூன்று வேண்டுகோள் என்றால் மூன்றையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

எண்ணுங்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள், மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

தேவையானவை: நாலு பேர், அட்டையில் செருகிய தாள், பென்சில், ஸ்டாப்வாட்ச் உள்ள ஒரு மலிவான கைக்கடிகாரம், 50 மீட்டர் அளக்க ஒரு டேப் அல்லது கயிறு. செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரம் நிற்க வேண்டாம், பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். எப்போதும் இருவர் இருவராக நில்லுங்கள். எதிரில் இருக்கிற கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள், அவரே நாற்காலி போட்டுக் கொடுப்பார்.

செவ்வாய், புதன், வியாழன் இவற்றில் ஒரு பள்ளி நாளையும், அப்புறம் ஒரு சனி அல்லது ஞாயிறையும் எடுங்கள். காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை, மதியம் பள்ளி விடும் நேரம், சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும் நேரம். தாளில் 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு, கடக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இழுங்கள். பள்ளிப் பிள்ளைகள் தனி, பெரியவர்கள் தனி, முதியவர்களும் உடல் ஊனமுள்ளவர்களும் தனி. இதோடு இன்னும் மூன்று கட்டம் சேருங்கள், இவை எங்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை, நின்று பார்த்தபோது தெரிந்தவை: ஓடிக் கடந்தவர்கள் எத்தனை பேர், நடைபாதையில் கார் நிற்பதாலோ உடைந்து கிடப்பதாலோ சாலையில் இறங்கி நடந்தவர்கள் எத்தனை பேர், பிரேக் கிறீச்சிட்டோ ஹாரன் அடித்தோ மயிரிழையில் தப்பியவர்கள் எத்தனை பேர். மனிதர்கள் ஓடித்தான் ஒரு சாலையைக் கடக்க முடிகிறது என்றால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை, ஆனால் அது எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வேகத்தை அளக்க ரேடார் வேண்டாம். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவிலோ இரண்டு வாசல்களுக்கு நடுவிலோ சரியாக 50 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சாக்பீஸால் நடைபாதை ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். வண்டியின் முன்சக்கரம் முதல் குறியைத் தொடும்போது ஒருவர் கையை இறக்க வேண்டும், அடுத்த குறியில் நிற்பவர் அப்போது ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, சக்கரம் தன் குறியைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். 50 மீட்டரை 6 நொடியில் கடந்தால் 30 கி.மீ. வேகம். நாலரை நொடி என்றால் 40. மூன்று நொடி என்றால் 60, இங்கே ஊருக்குள் பொதுவான வேக வரம்பு அதுதான். இரண்டேகால் நொடி என்றால் 80. கையால் அளப்பதில் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதனால் நூறு வண்டியாவது அளக்க வேண்டும், அளந்த முறையையும் அறிக்கையில் எழுத வேண்டும். நூறையும் மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசைப்படுத்தி 85-ஆவது வண்டியின் வேகம் என்ன என்று பாருங்கள். சாலைப் பொறியாளர்கள் பேசுகிற எண் அதுதான், நீங்களும் அதையே சொன்னால் அவர்கள் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள்.

அடுத்தது பார்வைத் தூரம். ஏழு வயதுப் பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து, வளைவில் வரும் கார் எவ்வளவு தூரத்தில் முதலில் தெரிகிறது என்று பாருங்கள். நாம் நின்றால் தெரிகிற கார், நிறுத்திவைத்த ஒரு பக்கிக்கு (சின்னச் சரக்கு வண்டி) பின்னால் பிள்ளைக்குத் தெரியாது. இப்போது கணக்கு: சாலை 10 மீட்டர் அகலம், பிள்ளையோ பாட்டியோ நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் கடக்க 10 நொடி. 60 கி.மீ. வேகத்தில் வருகிற கார் அந்த 10 நொடியில் ஏறக்குறைய 167 மீட்டர் வந்துவிடும். வளைவு காரணமாக 70 மீட்டர்தான் தெரிகிறது என்றால், சாலை காலியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கினாலும் பாதி கடப்பதற்குள் கார் வந்துவிடும். அந்தப் பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை. பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து, ஜனங்கள் பார்த்துக் கடக்க வேண்டாமா என்று கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள், அப்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

விபத்துப் பதிவுகளையும் தேடுங்கள், ஆனால் அதில் குறைவாகத்தான் இருக்கும். யாருக்காவது காயம் என்றால் ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும் என்பது தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், இருந்தாலும் அடிபட்டவரை வீட்டுக்காரர்களே காரில் தூக்கிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுகிறோம், இடித்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார், பதிவு என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால் தெருவில் வீடு வீடாகப் போய், கடந்த ஐந்து வருடத்தில் இங்கே என்ன நடந்தது என்று கேட்டு, மாதம், நேரம், யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தனி நோட்டில் எழுதுங்கள். இதைக் கேட்கப்போனபோது ஓர் அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒற்றைச் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய மகன் பிழைத்துக்கொண்டான், இப்போது நடக்கிறான், ஆனால் அந்த விபத்து எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அன்றைக்கு நாங்கள் வேறு வீட்டுக்குப் போகவில்லை.

இரவிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள், கும்பலாக. நம் ஊரில் நடப்பவர்களுக்குப் பயம் கார் மட்டும் இல்லை. எரியாத விளக்குக் கம்பத்தில் ஓர் எண் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொண்டு புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். இருட்டான நடைபாதையை விட்டுவிட்டு வெளிச்சம் இருக்கிறது என்பதற்காகப் பெண்கள் சாலை நடுவில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் உங்கள் எண்ணிக்கையில் வர வேண்டும்.

ஆள் சேர்ப்பது

தனி ஆளாகப் போனால் புகார், பத்து அமைப்பு சேர்ந்து போனால் கோரிக்கை. நல்லவேளையாக நம்மிடம் அமைப்புகளுக்குப் பஞ்சம் இல்லை. கோவில் கமிட்டியிலிருந்து தொடங்குங்கள். தைப்பூசக் காவடிக்கு ஒவ்வொரு வருடமும் மெட்ரோ போலீஸிடம் எழுதிக்கொடுத்து, சாலையை மறித்து, நூற்றுக்கணக்கானவர்களைப் பத்திரமாக நடக்கவைப்பவர்கள் அவர்கள்தான், யாரிடம் எந்தக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும். அடுத்தது பள்ளியின் நிர்வாகக் குழு, எஸ்ஜிபி என்பார்கள், சட்டப்படி அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. வீட்டுவரி கட்டுகிறவர்களின் ரேட்பேயர்ஸ் அசோசியேஷன், போலீஸ் நிலையத்தோடு சேர்ந்து இயங்கும் சிபிஎஃப், மசூதி, சர்ச், கிரிக்கெட் கிளப், பஸ் முதலாளிகள் எல்லாரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்.

இதில் நாம் அடிக்கடி விடுகிற பிழை ஒன்று உண்டு, மனசில் பட்டதைச் சொல்கிறேன். நம் தெருக்களில் அதிகம் நடப்பவர்கள் நாம் இல்லை. பாட்டில்பிரஷ், வெல்பெடாக்ட் பக்கத்திலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் வருகிற ஜூலு குடும்பங்கள்தான் அதிகம் நடக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் நடத்துகிற கூட்டம் அரைக் கூட்டம். எண்ணுகிற நாளிலேயே சனிபோனானி என்று வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள், நோட்டீஸை அவர்கள் மொழியான இசிஜூலுவிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் அடியுங்கள், கூட்டத்தை அவர்கள் பஸ் போன பிறகு வைக்காதீர்கள். கோரிக்கை கொடுக்கப் போகும் நாலு பேரில் ஒருவராவது அவர்களில் இருக்க வேண்டும்.

ஷேர் வேன் மாதிரி ஓடுகிற கோம்பி டாக்சிகளின் ஓட்டுநர்களையும் எதிரியாக்க வேண்டாம். அவர்கள் வண்டியில் இருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் அடுத்த நொடி நடப்பவர்தான். எங்கே நிறுத்தச் சொல்லிப் பயணிகள் அதிகம் கேட்கிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள், ஒரு முறையான நிறுத்தம் வந்தால் அவர்களுக்கும் நிம்மதி. நடைபாதைக் கடைக்காரர்களும் அப்படித்தான். நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று கிளம்பி அந்த அக்காக்களின் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது, அவர்கள் இருப்பதால்தான் சாயங்காலம் அந்த இடத்தில் பயமில்லாமல் நடக்க முடிகிறது. டர்பன் வார்விக்கில் இருக்கிற ஏர்லி மார்னிங் மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டக்காரத் தாத்தாக்கள் காய்கறி விற்று நூறு வருடம் கண்ட இடம். 2009-இல் அங்கே மால் கட்டுகிற திட்டம் வந்தபோது கடைக்காரர்களும், சுமைதூக்கிகளும், தெருக்கடைக்காரர்களுக்காக வேலை செய்யும் ஆசியே எதாஃபுலேனி என்ற அமைப்பும், லீகல் ரிசோர்சஸ் சென்டர் வழக்கறிஞர்களும் சேர்ந்து நின்றார்கள், 2011-இல் நகராட்சி அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. மார்க்கெட் இன்றும் இருக்கிறது.

கையெழுத்து வாங்க நல்ல இடங்கள்: சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் கூடும் நாள், ஆடி மாத மாரியம்மன் கஞ்சி, பள்ளியின் பெற்றோர் கூட்டம். தாளில் பெயர், தெரு, கையெழுத்து இவற்றோடு "வாரத்தில் எத்தனை தடவை இந்த இடத்தை நடந்து கடக்கிறீர்கள்" என்று ஒரு பத்தியும் போடுங்கள். வெறும் கையெழுத்தைவிட அந்தப் பத்திக்கு மதிப்பு அதிகம். அடையாள அட்டை எண் கேட்காதீர்கள், நிரப்பிய தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், பிள்ளைகளின் முகம் தெரிகிற படமும் வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே உண்டு, அது போக, நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

என்ன கேட்பது

ஸ்பீடு ஹம்ப் ஒன்றுதான் நமக்குத் தெரியும், அதையே எல்லா இடத்திலும் கேட்போம். பஸ் தடத்திலும் ஆம்புலன்ஸ் போகும் சாலையிலும் அதற்கு எதிர்ப்பு வரும், செங்குத்தான இறக்கத்தில் வைக்க மாட்டார்கள், சாட்ஸ்வொர்த்தில் இறக்கம் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? அதனால் வேறு வழிகளையும் தெரிந்துவையுங்கள். சாலை நடுவில் ஒரு சிறு தீவு இருந்தால் பாட்டி ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்துப் பாதி கடந்து நின்றுகொள்ளலாம். முனையில் நடைபாதையைக் கொஞ்சம் வெளியே நீட்டினால் கடக்கிற தூரம் குறையும், திரும்புகிற காரும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். நடைபாதை மட்டத்துக்கே உயர்த்திய கடக்கும் இடம், கார் ஏறாமல் தடுக்கும் குட்டைக் கம்பங்கள், சக்கர நாற்காலி இறங்கச் சரிவு, வெளிச்சம், பள்ளி வாசலை வேறு பக்கம் மாற்றுவது, இப்படி நிறைய இருக்கின்றன. வேகமான அகலச் சாலையில் வெள்ளைக்கோடு மட்டும் போட்டால் போதும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கோட்டை நம்பிப் பிள்ளை இறங்கும், கார் நிற்காது.

தான்சானியாவின் டார் எஸ் சலாமில் ஆமெண்ட் என்ற அமைப்பு பள்ளிகளைச் சுற்றி இதே மாதிரி சின்னச் சின்ன வேலைகளைத்தான் செய்தது. எந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள் என்று முதலில் கணக்கெடுத்து, அங்கே நடைபாதை, வேகத்தடை, தடுப்புக் கம்பங்கள் போட்டார்கள். அந்தத் திட்டத்துக்கு 2019-இல் டபிள்யூஆர்ஐ ராஸ் சென்டர் என்ற ஆய்வு அமைப்பின் நகரங்களுக்கான பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவில், நம்மைவிடப் பணம் குறைந்த ஒரு நகரத்தில் நடந்தது என்பதால் இதைக் கூட்டத்தில் சொல்லலாம், ஐரோப்பாக் கதை வேண்டாம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

வேகத்தைப் பற்றி இரண்டு விஷயம் கையில் வைத்திருங்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடும் என்பது உலகச் சுகாதார அமைப்பு சொல்வது. 60-இல் வரும் கார், ஓட்டுநர் பார்த்துப் பிரேக் மிதித்து நிற்க, காய்ந்த சாலையிலேயே தோராயமாக 35 மீட்டருக்கு மேல் வேண்டும். 30-இல் வந்தால் 15 மீட்டருக்குள் நின்றுவிடும். மழையில் இன்னும் மோசம், டர்பன் மழையைப் பற்றி 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதே காரணத்தால், நீங்கள் கேட்கிற மாற்றத்தால் மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று பொறியாளர் கேட்பார், அது நியாயமான கேள்வி. மழை நாளில் அந்த இடத்தில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பெயிண்ட் வாங்கிக் கோடு போடுவது, சொந்தமாகச் சிமெண்ட் மேடு கட்டுவது வேண்டவே வேண்டாம். சாலைக் குறிகளை அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது என்பது சட்டம், பைக் ஓட்டுகிற ஒருவர் இரவில் அதில் விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில்.

எப்போது கேட்பது

முனிசிபாலிட்டியின் கணக்கு வருடம் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. பட்ஜெட் வரைவை மார்ச் கடைசிக்குள் கவுன்சிலில் வைத்தாக வேண்டும், ஏப்ரல், மே மாதங்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்பார்கள், அதோடு சேர்ந்து ஐடிபி என்கிற ஐந்தாண்டுத் திட்டத்தையும் வருடா வருடம் திருத்துவார்கள். எல்லாரும் ஏப்ரல் கூட்டத்தில்தான் போய்க் கத்துகிறோம். அதற்குள் பாதி எழுதி முடிந்திருக்கும். அடுத்த வருடப் பட்ஜெட்டுக்கான கால அட்டவணை ஆகஸ்ட் கடைசிக்குள் வந்துவிடும், ஆகவே ஜூலையில் எண்ணி, ஆகஸ்டில் கோரிக்கை கொடுத்து, அக்டோபரில், அது இங்கே போக்குவரத்து மாதம், அதிகாரிகளை அந்த இடத்துக்கே அழைத்து நடக்கவைத்து, ஏப்ரலில் போய் "நாங்கள் ஆகஸ்டில் கொடுத்தது வரைவில் எங்கே" என்று கேளுங்கள்.

கோரிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பக்கத்தில் இடம், ஒரு படம், மூன்று எண்கள், ஒரு வேண்டுகோள். இரண்டாம் பக்கத்தில் ஆதரிக்கும் அமைப்புகள். மற்றதெல்லாம் பின்னிணைப்பு. வார்டு கவுன்சிலரிடம் ஒரு பிரதி, வார்டு கமிட்டியில் ஒரு பிரதி, போக்குவரத்துப் பிரிவில் ஒரு பிரதி. கொடுத்த ஒவ்வொன்றுக்கும் தேதியோடு முத்திரை வாங்குங்கள். எங்கள் முதல் கோரிக்கை தொலைந்துபோனது, கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாததால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

பதில் வராவிட்டால்

மாதம் ஒருமுறை, அதே ஆள், அதே கோப்பு எண்ணைப் போட்டு, மரியாதையாக இரண்டு வரி எழுத வேண்டும். கோபத்தைக் கடிதத்தில் காட்ட வேண்டாம், அங்கே இருக்கிற எழுத்தரும் சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கிறவர்தான். அப்படியும் அசைவு இல்லை என்றால் பாயா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2000-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். அந்த இடத்தில் எடுத்த போக்குவரத்துக் கணக்கு, விபத்துப் பதிவு, உங்கள் கோரிக்கை மேல் எழுதிய குறிப்புகள் இவற்றைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், ஒருமுறை நீட்டிக்கலாம், அதற்கும் மேல் போனால் முதலில் முனிசிபாலிட்டிக்குள்ளேயே மேல்முறையீடு செய்யுங்கள், அதிலும் பலன் இல்லை என்றால் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் முறையிடலாம். மறுத்துவிட்டார்கள் என்றால் எழுத்தில் காரணம் கேளுங்கள். காரணம் கைக்கு வந்தால் கோரிக்கையைத் திருத்த வழி கிடைக்கும். இறக்கம் அதிகம், ஹம்ப் முடியாது என்று எழுதினால், சரி, நடுத்தீவு முடியுமா என்று அடுத்த கடிதம்.

தெருவில் இறங்குவதானால்

அமைதியாகக் கூடவும் கோரிக்கை கொடுக்கவும் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவில் எல்லாருக்கும் உரிமை உண்டு. பொது இடத்தில் 15 பேருக்கு மேல் கூடுவதென்றால் 7 நாள் முன்னதாக நகராட்சிக்கு எழுத்தில் அறிவியுங்கள், யார் பொறுப்பாளர், எந்த நேரம், எந்த வழி என்று. டயர் எரிப்பதும் சாலையை மறிப்பதும் வேண்டாம், அன்றைக்கு மாட்டிக்கொள்வது பஸ்ஸில் இருக்கிற நம் ஆட்கள்தான். பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, முன்னாலும் பின்னாலும் ஒளிரும் சட்டை போட்ட பெரியவர்கள் நடந்து பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிற நடைபயண பஸ்ஸை ஒரு வாரம் நடத்துங்கள். அது போராட்டமும் ஆகும், அந்த வாரம் பிள்ளைகள் பத்திரமாகவும் போய்ச்சேருவார்கள். பள்ளி வாசலில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்கவிடும் மாணவர் குழுவான ஸ்காலர் பேட்ரோல் உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் தொடங்க எஸ்ஜிபி வழியாக எழுதுங்கள். கவுன்சிலரை ஒரு காலை ஏழு மணிக்கு அழைத்து, ஒரு பிள்ளையின் கையைக் கொடுத்து, கடந்து காட்டச் சொல்லுங்கள். நாங்கள் செய்தோம். அதற்குப் பிறகு விளக்கிச் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

வேலை முடிந்த பிறகு

எங்களுக்குக் கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. ஹம்ப் வரவில்லை, நடுத்தீவு வந்தது, இரண்டு விளக்குகள் எரிகின்றன, நடைபாதை பாதி தூரம் வந்து நிற்கிறது. ஆனாலும் மறுபடி போய் எண்ண வேண்டும். அதே 50 மீட்டர், அதே நேரம், அதே கட்டங்கள். ஓடிக் கடப்பவர்கள் குறைந்திருக்கிறார்களா, வேகம் குறைந்திருக்கிறதா, அல்லது ஆபத்து அடுத்த முனைக்கு நகர்ந்துவிட்டதா என்று பார்த்து, அந்தத் தாளையும் அதே அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பலன் இருந்தால் நன்றி சொல்லி எழுதுங்கள், வேலையைச் செய்த பொறியாளருக்கு அடுத்த முறை தன் மேலதிகாரியிடம் பேச அது உதவும்.

எங்கள் இரண்டாவது இடம் கிளினிக்குக்கு எதிரே, பஸ் நிற்கிற வளைவு. அடுத்த பள்ளித் தவணை தொடங்கியதும் முதல் வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு அங்கே நிற்போம். தாள் எங்களிடம் இருக்கிறது, பென்சிலும் ஒரு குல்லாவும் மட்டும் கொண்டுவாருங்கள், மேட்டில் அந்த நேரத்தில் குளிரும்.